1,400 யானைகளைச் சுட்ட மேஜர் இடி விழுந்து செத்த கதை தெரியுமா?

நுவரெலியா கோல்ஃப் மைதானத்துக்குள்ளேயே ஒரு பழைய இடுகாடு இருப்பது தெரியுமா? பந்தைத் தேடிப் போகிறவர் வெள்ளைக்காரத் துரைமாரின் கல்லறைகளுக்கு நடுவில் போய் நிற்க வேண்டியதுதான்! அவற்றில் பிளந்துபோன கல் ஒன்று மேஜர் தாமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவருடையது. இலங்கை ரைபிள் படையின் அதிகாரி. (அந்தப் படையின் சிப்பாய்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். இதுவே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.) பதுளையில் உதவி அரசாங்க அதிபரும் இவரே, நீதிபதியும் இவரே. இத்தனை உத்தியோகத்துக்கும் இடையில் ஐயா சுட்டுத் தள்ளிய யானைகள் எத்தனை தெரியுமா? 1,400க்கும் மேல்!

வேட்டைக்காரர் வாய்ப்பந்தல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியான தம் நூலில் இந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார். இருபது ஆண்டு இடைவிடாமல் வேட்டையாடினார் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 70. ஐந்து நாளுக்கு ஒரு யானை! 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கைக் காடு முழுக்கத் தேறிய யானைகளே 5,879தான். அதில் ஏறத்தாழ கால்வாசிக்குச் சமமானதை ஒற்றை மனிதர் முடித்துவிட்டார்.

தந்தத்துக்காகச் சுட்டார் என்பீர்கள். அதுவும் பொருந்தவில்லை! இலங்கை யானைகளில் தந்தமுள்ளது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்கிறார் அதே டெனன்ட். அப்படியானால் 1,400 யானைகளில் கொம்பன்கள் பதினான்கு தேறினாலே அதிகம். மற்றதெல்லாம் விளையாட்டு, வெறும் விளையாட்டு. அரசாங்கமும் தடுக்கவில்லை, யானையைக் கொன்றால் வெகுமதி கொடுத்தது! 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் விழுந்தன. ரொஜர்ஸுக்குக் கூட்டாளிகளும் உண்டு. கேப்டன் கால்வே 700க்கு மேல். பாதை போட்டுப் பேர் வாங்கிய மேஜர் ஸ்கின்னரும் கால்வேக்கு அதிகம் சளைத்தவரல்லர்.

அப்போது இந்த மலையில் தேயிலைத் தொழிலே தொடங்கவில்லை, தெரியுமா? எல்லாம் கோப்பி. தோட்டத் துரை ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் விற்பனைக்கென்று தேயிலை போட்டது 1867இல்தான். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே கால்நடையாக வந்த நம் தமிழ்த் தொழிலாளர்கள் காடழித்துக் கோப்பி நட்ட காலம் அது. வழியிலும் லயத்திலும் செத்தவர்களுக்குக் கல் நட்டவர் யாருமில்லை.

இனித்தான் சங்கதியே! 1845 ஜூன் 7. மேஜர் அப்புத்தளையில் இருக்கிறார். இடியும் மின்னலுமாக மழை. ஓய்ந்துவிட்டதா என்று பார்க்க வாடிவீட்டு வராந்தாவுக்கு வந்தார், ‘எல்லாம் அடங்கிவிட்டது’ என்று உள்ளே இருந்தவர்களுக்குச் சொன்னார், சொன்ன வாய் மூடுமுன் மின்னல் இறங்கியது என்று ஒரு கதை. வராந்தாவில் அவர் பேசியதைப் பிற்காலத்தார் சோடித்திருக்கலாம். மின்னல் தாக்கிச் செத்தார் என்பது மட்டும் கல்லில் எழுதிய உண்மை. எந்தக் கல் என்கிறீர்களா? பதுளை புனித மாற்கு தேவாலயத்துக் கல். அந்தக் கோயிலைக் கட்டியதே இவர் நினைவாகத்தான்!

செத்த பிறகும் விட்டதா? நுவரெலியாவில் புதைத்தார்கள், கல்லறை மீதும் இடி விழுந்தது! ஒரு தடவையல்ல, ஆண்டுதோறும் விழுகிறது என்று ஊரில் சொல்வார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் பிள்ளையார் கோயில் வைத்துக் கும்பிடும் சனத்துக்கு இதில் விளக்கமே தேவையில்லை. ‘ஆனை பாவம் சும்மா விடுமா?’ அவ்வளவுதான் தீர்ப்பு.

விஞ்ஞானம் வேறு மாதிரிச் சொல்லும். மின்னல் பாயும் பாதையில் வெப்பம் ஏறக்குறைய 30,000 பாகை செல்சியஸ். சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு! கல்லுக்குள் ஊறிய ஈரம் கண நேரத்தில் ஆவியாகி விரிந்தால் கல் பிளக்கத்தான் செய்யும். அவர் செத்த அப்புத்தளையோ மலை முகடு, மின்னலுக்கு வாகான இடம். ஆண்டுதோறும் தவறாமல் விழுகிறது என்பதை நான் நம்பவில்லை. ஆனால் அத்தனை துரைமார் படுத்திருக்க, இவர் கல் மட்டும் ஏன் என்று கேட்டால் விஞ்ஞானமும் தலையைச் சொறியும்!

இன்னொன்று தெரியுமா? பதுளைத் தேவாலயம் வழிபாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அதே 1857இல், மெட்ராஸ் படையின் கர்னல் நீல் லக்னோவில் சுடப்பட்டு விழுந்தார். அவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் பெரிய வெண்கலச் சிலை வைத்தார்கள். சிப்பாய்க் கலகத்தில் கண்மூடித்தனமாகத் தூக்குப் போட்டவருக்குச் சிலையா என்று 1927இல் சனம் சத்தியாகிரகம் செய்து சிறைக்குப் போனது. 1937இல் ராஜாஜி அரசு வந்ததும் சிலை இறங்கியது. இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ரொஜர்ஸ் கல்லை எடுக்கச் சொல்லி யாரும் மறியல் செய்யவில்லை. எடுக்கவும் வேண்டாம் என்பேன். யானைக் கணக்கைச் சொல்லும் ஒரு பலகையைப் பக்கத்தில் நட்டால் போதும்.

நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் கிளப்பில் கேட்டுக்கொண்டு ஒரு நடை போய்ப் பாருங்கள். வானம் கறுத்திருந்தால் மட்டும் தள்ளி வையுங்கள். இடி நேரத்தில் மரத்தடியிலும் மைதானத்திலும் நிற்கவே கூடாது, நீங்கள் எந்த யானையையும் சுட்டிராவிட்டாலும்!