உங்களுக்குத் தெரியுமா? அப்பா பெயரில் சேரும் மேற்கோள்கள்!
கிள்ளானில் வளர்ந்த ஒருவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார். அதைப் பிறர் மேற்கோள் காட்டினால் பெருமை யாருக்கு? பல நேரம் அப்பாவுக்கு!

மலேசிய அடையாள அட்டையில் ‘ஏ/எல்’ (மகன்), ‘ஏ/பி’ (மகள்) என்பவற்றுக்குப் பின் வரும் தந்தை பெயரைப் பன்னாட்டுத் தரவுத்தளங்கள் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வதுதான் காரணம். ‘குமார் ஏ/எல் முருகன்’ என்பவர் ஓரிடத்தில் ‘முருகன், கு.’ என்றும், வேறோரிடத்தில் ‘குமார், மு.’ என்றும் அச்சானால் கணினிக்கு அவர் இரண்டு பேர். மேற்கோள் கணக்கும் இரண்டாக உடையும். பதவி உயர்வுக்கு அந்தக் கணக்கைப் பார்க்கும் காலத்தில் இது சின்ன விஷயமல்ல.

மேற்கோள்களைத் தொகுத்துப் பார்ப்பது புதிதல்ல. அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டின் அறிவியல் மேற்கோள் அட்டவணை 1964-இல் வெளிவந்தது. எந்தக் கட்டுரைகள் அடிக்கடி சேர்ந்தே மேற்கோள் காட்டப்படுகின்றன என்று பார்த்து ஒரு துறைக்கே வரைபடம் போடலாம் என 1973-இல் ஹென்றி ஸ்மால் காட்டினார். ஆசிரியர் பெயர்களை வைத்து வரையும் படங்களும் பின்னர் வந்தன. பெயர் உடைந்தவர் அவற்றில் பாதியாகத்தான் தெரிவார்.

இதற்குத் தீர்வாக 2012 முதல் ‘ஆர்கிட்’ என்ற 16 இலக்க ஆய்வாளர் எண் இலவசமாகக் கிடைக்கிறது. ஆய்வு மாணவர்களே, முதல் கட்டுரையை அனுப்பும் முன் அதை வாங்கிவிடுங்கள். பெயரையும் எப்போதும் ஒரே மாதிரி எழுதுங்கள்.