வலுக் குறைந்த வண்டியும் வழுக்கும் வித்தையும்

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மாட்டுவண்டிச் சவாரி பார்த்தவர்களுக்கு ஒரு விடயம் நன்கு தெரியும். சவாரி வண்டி வேறு, மூட்டை ஏற்றும் வண்டி வேறு. ஓட்டத்துக்கென்றே இலேசாகச் செய்த வண்டியிலே எந்தக் கமக்காரனும் சூடடித்த நெல்லை ஏற்றுவதில்லை. நெல் ஏற்றும் வண்டியைச் சவாரித் திடலுக்குக் கொண்டுபோவாரும் இல்லை. நம் முன்னோர் கண்ட ஒழுங்கு இது.

இன்றைய இளைஞனுக்கு இந்த வசதி இல்லை. அவனிடம் இருப்பது ஒரே கார். அதுவும் அவன் பிறப்பதற்கு முன்னரே யப்பானில் செய்து முடித்த பழைய கார். கிழமை நாட்களில் அதிலேதான் வேலைக்குப் போகிறான். தாயாரை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்வதும் அதிலேதான். ஞாயிறு வந்தால் அதே காரைச் சறுக்கி ஓட்டிப் பார்க்கவும் மனம் அவாவுகிறது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்தாண்டுக் காலத்தில் பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றத்தை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இரண்டாவது கார் என்பது பலருக்குக் கனவே. பளைப் பகுதியிலிருந்து நம்மிடம் கற்று வெளியேறிய இளைஞர் சிலர், பௌதிகம் கற்பிப்பவர் என்ற உரிமையோடு நம்மிடம் கேட்பதுண்டு: "சேர், இந்த ஒரு காரை இரண்டுக்கும் பொருந்தச் செய்ய முடியாதா?"

முடியும் என்பதே நம் எண்ணம். ஆனால் அவர்கள் நினைக்கும் வழியால் அன்று.

முதலில் இவ்வித்தை யாதென அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். 'டிரிப்ட்' எனப்படும் சறுக்கோட்டம், காரின் பின்சில்லுகளை வேண்டுமென்றே பக்கவாட்டில் வழுக்கவிட்டு, முன்சில்லுகளை எதிர்ப்புறம் திருப்பி, வழுக்கலை அடக்கி ஆண்டபடி வளைவைக் கடப்பது. யப்பானில் 1970களில் குனிமிட்சு தக்காஹாஷி என்ற பந்தய வீரர் இம்முறையைக் கையாண்டு பெயர் பெற்றார். அவர் முன்பு மோட்டார்ச் சைக்கிள் வீரர். 1961இல் உலகப் பந்தயம் ஒன்றில் வென்ற முதல் யப்பானியர். அவரைப் பார்த்து ஊக்கம்கொண்ட கெயிச்சி சுச்சியா மலைப்பாதைகளில் இதனைப் பயின்று பரப்பினார். அவர் ஓட்டிப் புகழ் பெற்ற ரொயோட்டா ஏ.ஈ.86 என்ற கார் பெரும் வலுவுடையது அன்று. எஞ்சின் 1,600 கன சென்ரிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. வலுவில்லாத காரிலே வளர்ந்த வித்தை இது என்பதை நம் இளைஞர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நம் நாட்டில் பலருக்கு எட்டக்கூடியது அதன் மூத்த உறவான கே.ஈ.70 கொறோலா. அதன் எஞ்சின் 1,290 கன சென்ரிமீற்றர். வலு அறுபது எழுபது குதிரையளவு. எஞ்சின் முன்னே, உந்துவது பின்சில்லு. முன்னே சுருள்வில்லும் ஷொக் அப்சோபரும் ஒரே தூணாய் அமைந்திருக்கும். பின்னே ஒரே உறுதியான அச்சு. 'டி.எக்ஸ். வாகன்' என்று நம்மவர் அழைக்கும் வண்டியிலோ பின்னே பட்டைவில்.

பெரும் வலுவுள்ள காரிலே அக்சிலேற்றரை அழுத்தினாற் போதும். பின்சில்லுகள் சுழன்று பிடிப்பை இழந்துவிடும். அறுபது குதிரைவலுக் காரில் அது நடவாது. இங்கே பின்பகுதியை வழுக்கச் செய்வது எஞ்சின் அன்று. பாரம் இடம் மாறுவதே. தேர் இழுத்தவர்களுக்கு இது விளங்கும். தேரின் சில்லுகள் கார்ச் சில்லுபோல் திரும்புவன அல்ல. ஆயினும் வீதி மூலையில் ஆசாரிமார் கட்டை கொடுத்து, ஒருபக்கச் சில்லைத் தடுத்து, அத்தனை பெரிய தேரைச் சறுக்கித் திருப்புகிறார்கள். அங்கே வலுவைவிடப் பெரிது எந்த இடத்தில், எந்தக் கணத்தில் கட்டை வைப்பது என்பது.

கணக்கிட்டும் பார்க்கலாம். 900 கிலோ எடையும், முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடையே 2.4 மீற்றர் தூரமும், நிலத்திலிருந்து அரை மீற்றர் உயரத்தில் புவியீர்ப்பு மையமும் உள்ள காரை எடுத்துக்கொள்வோம். ஈர்ப்பு வேகவளர்ச்சியின் பாதியளவு தடையோடு பிரேக் பிடித்தால், ஏறத்தாழ 94 கிலோ பாரம் பின்சில்லிலிருந்து முன்சில்லுக்கு மாறும். பின்சில்லு இலேசாகும், அந்தக் கணத்தில் சுக்கானைத் திருப்பினால் வால் வெளியே வரும். வில்லை எவ்வளவு இறுக்கினாலும் இந்த 94 கிலோ மாறுவதில்லை. அது மாறும் விரைவே வில்லாலும் ஷொக்காலும் அமைவது. வில்லைக் கல்லாக்கினால் கார் சறுக்குமென்ற நம்பிக்கை இங்கே உடைந்து போகிறது.

ஆதலால் சஸ்பென்சன் வேலை வில்லிலே தொடங்குவதன்று. முதலில் நாற்பது ஆண்டு உழைத்த இறப்பர் புஷ்களையும் போல் ஜொயின்ற்களையும் பாருங்கள். சில்லை இரு கைகளாலும் பிடித்து ஆட்டினால் 'டக்' என்ற ஓசை எழுமாயின், அந்தக் காருக்கு வேறெந்த அலங்காரமும் வேண்டாம். கீழ்க்கை ஆடினால் சில்லின் கோணம் வளைவுக்கு வளைவு மாறும். இன்று சறுக்கியதுபோல் நாளை சறுக்காது. அடுத்தது ஷொக் அப்சோபர். காரின் மூலையைக் கையால் அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழுந்து நின்றால் நன்று. துள்ளிக்கொண்டே இருந்தால் ஷொக்கின் ஆயுள் முடிந்தது. கையில் உள்ள பணம் ஒன்றுக்கே போதுமாயின், அந்த ஒன்று நல்ல ஷொக் அப்சோபராகவே இருக்கட்டும். நாம் இதிலே பிடிவாதக்காரர்.

இனி, வண்டியைத் தாழ்த்தும் மோகம். கராச்சிலே வாளால் சுருள்வில்லின் ஒரு சுற்றை அறுத்துவிடுவது மலிவான வழி. ஆறு சுற்று வேலை செய்யும் வில்லில் ஒன்றை அறுத்தால், மீதி வில் ஐந்திலொரு பங்கு கடினமாகும், அதுவரை சரி. ஆயின் அது குறுகியும் போய்விடுவதால், சில்லு குழியில் தொங்கும்போது வில் இருக்கையை விட்டு நழுவக்கூடும். தீயால் சூடாக்கித் தாழ்த்துவதோ உருக்கின் பதத்தையே கெடுக்கும் கொடுமை. அதனை ஒருவரும் செய்யற்க.

தாழ்த்தலில் இன்னொரு வஞ்சனையும் உண்டு. கார் சாயும்போது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அதனைச் சாய்வு மையம் என்பர். தூண் அமைப்புள்ள முன்பக்கத்தைத் தாழ்த்தும்போது, கீழ்க்கையின் வெளிநுனி மேல்நோக்கிப் போய்விடுகிறது. அப்போது உடல் இறங்கிய அளவைவிடச் சாய்வு மையம் கூடுதலாக இறங்கும்; ஆகவே தாழ்ந்த கார், உயர்ந்த காரைவிட அதிகம் சாயவும் கூடும்! கீழ்க்கை நிலத்துக்குச் சமாந்தரமாக நிற்கும் அளவோடு நிறுத்துவது அறிவுடைமை. அதற்குமேல் தாழ்த்துவோர், தூணின் அடிக்கும் திருப்புகைக்கும் இடையே தடித்த உலோகத் துண்டு வைத்துக் கோணத்தை மீட்டல் வேண்டும். பின்னேயோ, அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் குறுக்குக்கம்பி கார் தாழ்ந்ததும் அச்சையே ஒருபுறம் தள்ளிவிடும். அதன் நீளத்தைத் திருத்தாமல் விட்டால் கார் நண்டுபோல் ஓடும்.

பளையில் வாழ்வோருக்கு இதிலே கூடுதல் கவனம் வேண்டும். ஏ-9 வீதி நேரானது, நல்லது. ஆனால் வீடு ஏ-9இல் இல்லை; தென்னந்தோட்டங்களுக்கு நடுவே செல்லும் மணல் ஒழுங்கையில் இருக்கிறது. மணலிலே தேங்காய் மட்டை கிடக்கும். மாரியில் பள்ளம் எங்கேயென்று தெரியாது. எண்ணெய்த் தொட்டி அடிபட்டால் சறுக்கோட்டமும் இல்லை, திங்கட்கிழமையும் இல்லை. நம் கணிப்பில் இரண்டு விரல் தாழ்வு போதும்.

வில்லின் கடினம், தொழிற்சாலை வைத்ததிலும் ஒன்றரை மடங்கு முதல் இருமடங்கு வரை இருக்கலாம். வலுவான கார்க்காரர் பின்வில்லை மென்மையாக வைப்பர். அவர்களுக்குப் பின்னே பிடிப்பு வேண்டும். வலுக் குறைந்தவனுக்குத் தேவை நேர்மாறு. முன்னே நல்ல பிடிப்பும், பின்னே சற்றுக் குறைந்த பிடிப்பும் இருத்தல் வேண்டும். ஆகவே பின்வில்லை முன்வில்லின் கடினத்துக்கு நெருக்கமாக உயர்த்தலாம். அளவு கடந்தால் வளைவின் உட்புறப் பின்சில்லு தூக்கி, வீணே சுழலும்; மார்கழி மழையில், எண்ணாத இடத்தில் வால் ஆடும். தாயார் பின்னிருக்கையில் இருக்கும் நாளையும் எண்ணிப் பார்த்தே கடினத்தைத் தெரிதல் வேண்டும்.

சில்லின் கோணங்களே பணம் குறைந்த இளைஞனின் உண்மையான தோழன். துவிச்சக்கரவண்டியின் முன்கவர் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையை விட்டாலும் சில்லு நேரே நிற்க அந்தச் சாய்வு உதவுகிறது. காரின் திருப்பு அச்சுக்கும் அச்சாய்வு உண்டு. அதனை ஐந்து ஆறு பாகைக்கு உயர்த்தினால், வால் வழுக்கும்போது சுக்கான் தானாகவே எதிர்ப்புறம் சுழன்று ஓட்டுபவனுக்கு உதவும். முன்சில்லின் தலை உட்புறமாக இரண்டு பாகை சாய்ந்திருக்கலாம். அதற்கு மேல் போனால் நாளாந்த ஓட்டத்தில் ரயரின் உள்விளிம்பு தேயும். இரு முன்சில்லுகளும் நேர் முன்னே பார்க்கட்டும். ரயரை விரைவில் தின்பது தலைச்சாய்வைவிட, இந்தப் பார்வை பிசகுவதே. பின்அச்சு ஒரே தண்டாதலால் அங்கே கோணம் பார்க்கும் வேலையே இல்லை; ஏழைக்கு அது ஒரு சலுகை.

ரயரிலும் அதே நியாயம். நல்ல புதிய ரயர் முன்னே. ஒடுங்கிய, கடினமான ரயர் பின்னே. சறுக்கும் திடலில் மட்டும் பின்ரயருக்குச் சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தல் வரை காற்று அடிக்கலாம். டிப்பறன்சலை ஒட்டுப்போட்டு இரு பின்சில்லும் ஒன்றாகச் சுழலச் செய்வாரும் உளர். திடலில் அது உதவும் என்பது மெய்யே. ஆயின் சந்தைச் சந்தியில் திரும்பும்போதெல்லாம் ரயர் கீச்சிடும். பின்அச்சுத் தண்டு ஒவ்வொரு திருப்பத்திலும் முறுக்குண்ணும். நாளாந்தக் காருக்கு அது ஆகாது என்பதே நம் தீர்ப்பு.

எங்கே ஓட்டுவது என்ற வினா இன்னும் இருக்கிறது. ஏ-9இல் அன்று, சொல்லவும் வேண்டுமோ? 2006இல் மூடுண்டு 2009இலே மீண்டும் திறந்த அந்த வீதியில் இன்று பேருந்தும், பாரவண்டியும், பள்ளிப் பிள்ளைகளின் துவிச்சக்கரவண்டியும் ஒன்றாகவே செல்கின்றன. ஒழுங்கு செய்த பந்தயத் திடலிலும் ஆபத்து உண்டு. தியத்தலாவை பொக்ஸ் ஹில் ஓட்டத்தில் 2024 ஏப்பிரல் 21இல் பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர் நடுவே பாய்ந்து ஏழு உயிர்களைக் குடித்தது; அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். ஆகவே உரியவர் அனுமதி தந்த மூடிய திடலும், பார்வையாளர் எட்ட நிற்பதும் வேண்டும். வெறும் காணி என்று கண்ட இடத்தில் இறங்கவும் கூடாது. முகமாலைப் பக்கத்து மண்ணிலே கண்ணிவெடி அகற்ற எத்தனை ஆண்டு உழைத்தார்கள் என்பதை இப்பகுதியார் அறிவர்.

திடலை விட்டுப் புறப்படுமுன் பின்ரயரின் காற்றை 30 இறாத்தலுக்கு இறக்குக. சில்லு மரைகளையும், தூணின் மேல்மரைகளையும், குறுக்குக்கம்பியின் மரைகளையும் திறப்புப் போட்டு ஒருமுறை இறுக்குக. சுக்கான் நேராக இருக்கையில் கார் ஒருபக்கம் இழுக்கிறதா என்று மெதுவாக ஓட்டிப் பார்க்க. இழுத்தால், திங்கட்கிழமை பேருந்தில் வேலைக்குப் போய், காரைக் கராச்சில் விடுக.