ஆலைச் சங்கும் ஆட்டக்களமும்

மாலை வேளையில் நம் கலாசாலை மைதானத்தே பந்தாடும் மாணாக்கரைக் கண்டு, "இவ்வாட்டத்தினால் வரும் பயன் யாது?" என்று வினவும் பெற்றோர் இந்நாளிலும் உளர். உடல் உரம் பெறும், ஒழுங்கு படியும், தோல்வியைப் பொறுக்கும் மனம் வாய்க்கும் என்று நாம் விடையிறுப்பது வழக்கம். அவ்விடை மெய்யே, ஆயினும் முழு மெய்யன்று. ஆட்டத்தினால் ஒருவனுக்கு வேலை கிடைத்தது, அவ்வேலையினால் அவன் குடும்பம் பிழைத்தது என்பதும் நம் நாட்டு வரலாற்றில் ஒரு பகுதியாகும். ஆலைகளும் அலுவலகங்களும் தத்தம் பெயரால் ஆட்டக்குழுக்களை அமைத்து, ஒன்றோடொன்று பொருதவிட்ட அவ்வரலாற்றைத் தாமிரபரணிக் கரையில் நின்று நோக்கி, ஈண்டு ஒருவாறு கூறப் புகுகின்றோம்.

பருத்தியினின்று தொடங்குதல் தகும். 1861 முதல் 1865 வரை அமெரிக்க நாட்டில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. தென் மாகாணங்களின் பருத்தி இங்கிலாந்துக்குச் செல்லாமல் தடைப்படவே, லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின. நம் ஜில்லாவின் கரிசல் நிலத்தில் விளைந்து, வணிகர் வாயில் 'தின்னவேலி' என்றே பெயர் பெற்ற பருத்தி, தூத்துக்குடித் துறையில் கப்பலேறிற்று. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, பஞ்சு விளையும் இடத்திலேயே நூல் நூற்றால் என்ன என்னும் எண்ணம் இரு நாட்டிலும் ஒருங்கே வலுத்தது. அங்கே கரோலினா மாகாணங்களின் ஆற்றோரங்களில் ஆலைகள் எழுந்தன. இங்கே ஹார்வி சகோதரர் 1880-களில் பாபநாசத்தில் மலையினின்று இறங்கும் தாமிரபரணி நீரின் விசையைக் கொண்டு ஓர் ஆலையை இயக்கினர். பின்னர்த் தூத்துக்குடியில் கோரல் மில்லும் மதுரையில் மற்றோர் ஆலையும் அவர் வசமாயின. ஆகவே, ஆலை விளையாட்டைப் பற்றிப் பேசுங்கால் கடல் கடந்த அத்தென் மாகாணங்களை ஒரு முறை எட்டிப் பார்த்து வருதல் வழி தப்பியதாகாது.

அங்கே ஆடப்பெற்ற ஆட்டம் பேஸ்பால். மட்டையால் பந்தை அடித்துவிட்டு நான்கு முனைகளைச் சுற்றி ஓடி வருதல் அதன் சாரம். ஆலை முதலாளியே தொழிலாளிக்கு வீடு தந்தான். கடையும் பள்ளியும் அவனுடையவை. கோயிலுக்கும் அவன் பணம் சென்றது. அவ்வூரில் ஆட்டக்குழுவும் அவனுடையதாயிற்று என்பதில் வியப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆடுதலைப் பல மாகாணங்களில் சட்டம் தடுத்தமையால், சனிக்கிழமைப் பிற்பகலே அவர்களுக்குத் திருவிழா. கிரீன்வில் நகரத்துப் பிராண்டன் ஆலையில் ஜோ ஜாக்சன் என்னும் சிறுவன் பள்ளி செல்ல வேண்டிய வயதில் வேலைக்குச் சேர்ந்தான். பதின்மூன்று வயதளவில் ஆலைக் குழுவில் ஆடினான். எழுதப் படிக்க அவன் என்றுமே கற்றிலன். எனினும், அமெரிக்க நாட்டின் தலைசிறந்த மட்டையாளருள் ஒருவனாக உயர்ந்தான். 1919-ஆம் ஆண்டின் இறுதிப் போட்டியில் சூதாடிகளிடம் பணம் பெற்ற வழக்கில் அவன் பெயரும் சேர்ந்தது. நீதிமன்றம் விடுவித்தும், பெரிய ஆட்டங்களினின்று ஆயுள் முழுதும் விலக்கப்பட்டான். அதன்பின் அவனுக்கு இடந்தந்தவை மீண்டும் சிற்றூர்க் குழுக்களும் ஆலைக் குழுக்களுமே.

அலபாமா மாகாணத்துப் பர்மிங்காம் நகரில் எஃகும் இரும்பும் தொழில். அங்கே வெள்ளையர்க்கு ஒரு களம், கருநிற மக்களுக்கு வேறொரு களம். அக்கருநிறத் தொழிலாளர் குழு ஒன்றில் ஆடிய ஓர் எஃகாலைத் தொழிலாளியின் மகனே, 1931-இல் பிறந்து உலகப் புகழ் எய்திய வில்லி மேஸ். நிறவேலி 1947-இல் உடைந்தது. அதற்கு முன்னர் அம்மக்களின் ஆற்றலை உயிருடன் காத்த இடங்களுள் ஆலைக் களமும் ஒன்று என்பதை மறத்தலாகாது.

முதலாளி ஏன் இதற்குப் பணம் செலவிட்டான்? தருமம் என்பார் சிலர். ஓய்வு நேரத்தில் தொழிலாளி மதுக்கடைக்கும் சங்கக் கூட்டத்துக்கும் செல்லாதிருத்தற்கு மைதானம் மலிவான உபாயம் என்பார் வேறு சிலர். இரண்டும் கலந்தே இருந்தன என்பது நம் கருத்து. அவன் கருதியது எதுவாயினும், ஆடினவனுக்கு ஆட்டம் ஆட்டமே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே தொழிலாளிக்கு முதற்கண் வேண்டியிருந்தது மட்டையுமன்று, பந்துமன்று, ஓர் ஓய்வுநாள். 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்க்குத் துணை நின்றனர். கூலி உயர்வு கேட்டனர். அதனோடு வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறையும் கேட்டனர். சில நாள்களில் நிர்வாகத்தார் இணங்கினர். பிள்ளையவர்கள் மார்ச்சு 12-இல் சிறைப்பட்டதும், மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்ததும் யாவரும் அறிந்தவை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையைக் கேட்டுப் பெற்றவர்கள் அத்தொழிலாளர் என்பதே அத்துணை அறியப்படாதது. ஞாயிறு ஆராதனைக்குரிய நாள், அன்று பந்தைத் தொடலாகாது என்று நம் பக்கத்துக் கிறிஸ்தவ இல்லங்களிற் பிள்ளைகளைக் கண்டித்த முதியோரை நாம் அறிவோம். அவர் கூற்றைப் பழிக்கின்றிலோம். ஆனால் வாரம் ஆறு நாளும் சங்கு ஊதும் ஓசைக்கு எழுந்து ஓடுபவனுக்கு ஆடுதற்கு வேறு நாள் ஏது?

வேலை நேரமும் மெல்லமெல்லவே குறைந்தது. 1922-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 60 மணி என வரம்பிட்டது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்வரம்பு 48 மணி. ஐந்நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் தொழிற்சாலையில் தொழிலாளர் நல அதிகாரி ஒருவர் இருத்தல் வேண்டும் என விதித்ததும் இப்பிந்திய சட்டமே. ஆட்டங்களைக் கற்பித்தோர் பெரும்பாலும் பள்ளிகளும் மிஷன் கலாசாலைகளும் ஆவர். ஒய். எம். சி. ஏ. சங்கத்தார் ஹாரி பக் துரையவர்களைக் கொண்டு 1920-இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவியபின், பயிற்சி பெற்ற ஆசிரியர் ஊர்தோறும் பரவினர்.

அலுவலகக் குழு என்பது நம் நாட்டில் ஏன் இத்துணை வேரூன்றிற்று என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஆடுவதற்குக் கூலி பெறுபவன் ஒலிம்பிக் பந்தயத்துக்கு ஆகான் என்பது நெடுங்காலம் விதியாய் இருந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு அவ்விதியால் குறைவில்லை. வறியவன் என் செய்வான்? அவனை ரயில்வேயிலோ வங்கியிலோ குமாஸ்தாவாக அமர்த்தினர். சம்பளம் குமாஸ்தா வேலைக்கு, ஆட்டம் பொழுதுபோக்குக்கு. ஏட்டில் அவ்வாறு. உண்மையில் அவன் பிற்பகலிலேயே பேரேட்டை மூடிவிட்டுக் களத்துக்குச் செல்வான். போட்டிக் காலத்தில் அவனுக்குத் தனி விடுப்பு உண்டு. இதனைப் போலி என்று இகழ்வாரும் உளர். நாம் அங்ஙனம் கருதுகின்றிலோம். ஆட்டக்காரனின் கால் நாற்பது வயதுக்கு முன்னரே தளர்ந்துவிடும். அவனை அறுபது வயதளவும் காத்தது அக்குமாஸ்தா நாற்காலியே.

பம்பாயில் அலுவலகக் குழுக்களுக்கென்றே 1930-களின் தொடக்கத்தில் டைம்ஸ் கேடயப் போட்டி ஏற்பட்டது. டாட்டா, மபத்லால், நிர்லான், ஏ. சி. சி. சிமெண்டு ஆகிய குழுக்களில் இந்தியாவுக்காக ஆடியவர் பலர் இடம் பெற்றனர். சென்னைக் கிரிக்கெட் லீகில் பழைய கிளப்புகளைக் கம்பெனிகள் தத்தெடுத்துக்கொள்ளும் முறை வளர்ந்தது. ஹாக்கியில் தன்ராஜ் பிள்ளையின் கதை எடுத்துரைக்கத் தக்கது. தமிழ்ப் பெற்றோர்க்கு 1968-இல் பிறந்த அவர், புனேயை அடுத்த கட்கியில் படைக்கலத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தார். தந்தையார் மைதானத்தைப் பேணும் பணியினர். பிறர் எறிந்த முறிந்த மட்டைகளைக் கொண்டு பழகிய அப்பிள்ளை, பம்பாயில் மகிந்திரா கம்பெனிக் குழுவிற் சேர்ந்து, பின்னர் இந்தியன் ஏர்லைன்ஸ் பணியில் அமர்ந்து, நாட்டுக்குத் தலைவராய் ஆடினார். கிரிக்கெட்டில் தோனியும் 2001 முதல் சில ஆண்டுகள் கரக்பூரில் ரயில்வேப் பயணச்சீட்டுப் பரிசோதகராய் இருந்தவரே.

நம் பள்ளத்தாக்கில் இதற்குக் கண்கூடான சான்று தாழையூத்துச் சங்கர் நகர் ஆகும். கல்லிடைக்குறிச்சி எஸ். என். என். சங்கரலிங்க ஐயரும் டி. எஸ். நாராயணசாமியும் 1946-இல் இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனியைத் தோற்றுவித்தனர். 1949-இல் தாழையூத்தில் ஆலை இயங்கலாயிற்று. சுண்ணாம்புக்கல்லை வெட்டிச் சுட்டுப் பொடியாக்கும் அவ்வூரின் நிலம் எத்தகையது என்பதைக் கோடையில் ரயிலில் சென்றோர் அறிவர். அங்கே கம்பெனி மைதானம் பசும்புல்லுடன் அமைந்தது. ரஞ்சிக் கோப்பை ஆட்டங்கள் அங்கு நடந்துள்ளன. 2016-இல் தமிழ்நாடு பிரிமியர் லீக் தொடங்கியபோது சென்னைக்கும் திண்டுக்கல் நத்தத்துக்கும் இணையாக அதுவும் ஒரு களமாயிற்று. அம்முதலாண்டின் கோப்பையை வென்றது தூத்துக்குடிப் பெயர் தாங்கிய குழு. இதே கம்பெனி 2008-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் குழுவின் உரிமையை 9 கோடி டாலருக்கு மேல் விலை கொடுத்து வாங்கியதையும் நினைக்கவேண்டும். நம்மூர்ச் சுண்ணாம்புக்கல் எத்துணை தூரம் உருண்டு சென்றது!

ஹாக்கிக்குக் கோவில்பட்டி. அஃது ஆற்றங்கரையில் இல்லையே என்பார்க்கு, அவ்வூரார் குடிப்பது சீவலப்பேரியினின்று செல்லும் தாமிரபரணி நீர் என்று விடை கூறுவோம். 1986 வரை திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்ததும் அவ்வூர். பஞ்சாலையும் தீப்பெட்டித் தொழிலுமே பிழைப்பாகிய அவ்வூரில் ஹாக்கி மட்டை வீட்டுச் சாமான்களுள் ஒன்று. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி அங்கே நடத்தப்பெற்று வந்துள்ளது. அதற்கு வரும் குழுக்களின் பெயர்களைப் படித்தால், ரயில்வே, வங்கி, எண்ணெய்க் கம்பெனி, படைப்பிரிவு என்று உத்தியோக அட்டவணை போலவே தோன்றும். வேலியோரத்தில் நின்று பார்க்கும் சிறுவனுக்கு அவை ஆட்டக்குழுக்கள் மட்டுமல்ல. தனக்கு வாய்க்கக்கூடிய வேலைகள். 2022-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் இந்தியா வெண்கலம் பெற்றபோது, அக்குழுவில் ஆடிய கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிற் பிறந்து கோவில்பட்டி விடுதியில் பயின்ற கார்த்தி செல்வமும் அங்ஙனம் வளர்ந்தவர்களே. பாகிஸ்தானுடன் ஆடிய ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் கார்த்தி.

ஆயினும் ஆலையை நம்பிய குழு ஆலையோடு சாயும். பம்பாயில் 1982-இல் தொடங்கிய பெருவேலைநிறுத்தத்துக்குப் பின் பஞ்சாலைகள் பல மீண்டும் எழவில்லை. சென்னைப் பக்கிங்ஹாம் கர்நாட்டிக் ஆலை 1996-இல் மூடுண்டது. தன்ராஜ் ஆடிய இந்தியன் ஏர்லைன்ஸ் 2007-இல் ஏர் இந்தியாவுடன் கலந்து பெயரிழந்தது. அந்த ஏர் இந்தியாவும் 2022-இல் டாட்டாவிடம் சேர்ந்தது. 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் அல்ட்ராடெக் கம்பெனியின் கைக்கு மாறிற்று. புதிய லீகுகள் சில வாரங்களுக்குக் கைநிறையப் பணம் தருகின்றன. பதினோராம் மாதம் சம்பளம் யார் தருவார் என்பதற்கு அவற்றினிடம் விடையில்லை. நம் மாணாக்கருள் மிகச் சிலரே அப்பணத்தைக் காண்பர். ஏனையோர்க்கு இன்றும் எட்டக்கூடியவை ரயில்வே, காவல்துறை, படை, வங்கி ஆகியவற்றின் விளையாட்டு ஒதுக்கீடும், தமிழ்நாட்டு அரசுப் பணியில் விளையாட்டு வீரர்க்குரிய மூன்று விழுக்காடுமே.

அவ்வொதுக்கீட்டுக்குக் கேட்கப்படுவது கோப்பையன்று, சான்றிதழ். மத்திய அரசுப் பணிகளுக்கு அது வெவ்வேறு படிவங்களில் அமையும்: நாட்டுக்காக ஆடினோர்க்கு முதற்படிவம், மாநிலத்துக்காக ஆடினோர்க்கு இரண்டாவது, பல்கலைக்கழகங்களுக்கிடையே ஆடினோர்க்கு மூன்றாவது, தேசியப் பள்ளிப் போட்டிகளில் ஆடினோர்க்கு நான்காவது. நம் மாணாக்கர்க்குப் பெரும்பாலும் உரியது மூன்றாம் படிவம். அதில் கையொப்பமிட வேண்டியவர் பல்கலைக்கழக விளையாட்டுத்துறைத் தலைவர்; கலாசாலை முதல்வர் தரும் பாராட்டுத்தாள் அதற்கு ஈடாகாது. ஆடி முடித்துப் பட்டமும் பெற்று ஊர் திரும்பிச் சில ஆண்டுகள் கழிந்தபின், அக்கையொப்பத்துக்காக மீண்டும் பஸ் ஏறி அபிஷேகப்பட்டிக்கு வரும் பழைய மாணாக்கர் இலர் அல்லர். போட்டி நடந்த ஆண்டிலேயே அதனைப் பெற்று, பட்டச் சான்றிதழ் இருக்கும் பெட்டியிலேயே வைத்துக்கொள்க.