கடைசியில் இரண்டு தேக்கரண்டி: ஜப்பானிய இறால், காய்கறி வதக்கல்

“உப்பில்லாத சோற்றை எத்தனை நாள்தான் உண்பது?” இதய நோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்திற்கும் சிகிச்சை பெற்று வீடு திரும்பியோர், மறுபரிசோதனைக்கு வரும்போது எங்கள் உணவியல் பிரிவில் மிகுதியாகக் கேட்கும் வினா இது. உடன் வருவோரின் சோர்வு வேறு வகையானது. நோயாளிக்கென்று தனியே சமைத்து, அத்தட்டு பாதி தொடப்படாமலே திரும்பி வருவதை நாள்தோறும் பார்த்த சோர்வு அது. அவர்களுக்காகவே இம்முறை ஜப்பானிய வீட்டு உணவு ஒன்றை எங்கள் அடுக்களையில் சமைத்துப் பார்த்தோம். நறுக்கும் வேலை முடிந்துவிட்டால் அடுப்பில் பத்து நிமிடம்கூட ஆகாது.

ஜப்பானிய மொழியில் ‘யசாய்’ என்றால் காய்கறி. ‘இதாமே’ என்றால் வதக்கல். வேலை முடிந்து வீடு திரும்பும் மாலைகளில், கையில் கிடைத்த காய்களைப் பெருந்தீயில் புரட்டி, வெறும் சோற்றுடன் உண்பதே ‘யசாய் இதாமே’. இறாலும் கணவாயும் சேர்ந்தால் அது கடலுணவு வதக்கல் ஆகிவிடும். இம்முறை சீனச் சமையலிலிருந்து அங்கே சென்றது. குழிந்த வாணலிக்கு ஜப்பானியர் வழங்கும் பெயரின் பொருளே ‘சீனப் பாத்திரம்’ என்பதுதான்.

உப்பைக் குறைக்க வேண்டியவருக்கு ஜப்பானிய உணவா என்று சிலர் வியக்கக்கூடும். அவ்வியப்பு நியாயமானதே. 1951 முதல் 1980 வரை ஜப்பானில் இறப்புக்கான முதற்காரணம் பக்கவாதமாகவே இருந்தது. உப்பிலிட்ட காய்கறியும், மிசோ என்னும் சோயா விழுதில் செய்த சாறும், சோயா சாஸும் அன்றாட உணவாயிருந்த குளிர்மிகு மாநிலங்களில் அதன் கொடுமை மிகுதி. கடலே இல்லாத மலை மாநிலமான நாகானோ அவற்றுள் ஒன்று. அங்கே ஊர்தோறும் தன்னார்வப் பெண்கள் வீடுவீடாகச் சென்று, சாற்றில் உள்ள உப்பை அளந்து காட்டி, குறைத்துச் சமைக்கும் வழிகளைக் கற்பித்தனர். 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆண், பெண் இருபாலரின் சராசரி ஆயுளிலும் ஜப்பானிலேயே முதலிடம் பெற்றது நாகானோ. உப்புக் குறைப்பு மட்டுமே அதற்குக் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆயினும், பல தலைமுறையாகப் பழகிய நாவும் மாறக்கூடும் என்பதற்கு அது கண்கூடான சான்று.

இனி அளவைப் பார்ப்போம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. வழக்கமான சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில், அதாவது 15 மில்லிலிட்டரில், ஏறத்தாழ இரண்டரை கிராம் உப்பு இருக்கிறது. புட்டியைக் கவிழ்த்து ஊற்றினால் ஒரு நாள் உப்பில் பாதி ஒரே வேளையில் போய்விடும்! நிறம் வெளிறியிருந்தால் உப்பும் குறைவு என்று எண்ணிவிடலாகாது. ஜப்பானிய சோயா சாஸில் வெளிறிய வகைக்கே உப்பு சற்று அதிகம்.

அவ்வாறெனில் சுவைக்கு என்ன வழி? காய் வேகத் தொடங்கும்போதே உப்பிட்டால் அது உள்ளே சென்று பரவிவிடும். நாவுக்கு எட்டுவது சிறு பகுதியே. கடைசி அரை நிமிடத்தில் சேர்க்கும் உப்போ காயின் மேற்பரப்பிலேயே தங்கி, முதற்கவளத்திலேயே தெரியும். அதே அளவு உப்பு கூடுதலாகச் சுவைக்கும். சர்க்கரை, உப்பு, காடி, சோயா சாஸ், மிசோ ஆகியவற்றைச் சேர்க்கும் வரிசையை நினைவில் வைக்க ஜப்பானியர் ‘ச, ஷி, சு, செ, சோ’ என்று தம் எழுத்துவரிசையையே சொல்வர். சோயா சாஸ் அதில் கடைசிக்கு முந்தியது. நெடுநேரம் கொதித்தால் அதன் மணம் போய்விடும் என்பதே காரணம்.

எங்கள் முதல் முயற்சி தோற்றதையும் மறைக்க வேண்டியதில்லை. நால்வருக்கான காயை ஒரே வாணலியில் குவித்து, பழக்கத்தால் தொடக்கத்திலேயே உப்பும் தூவினோம். உப்பு காயின் நீரை வெளியே இழுத்தது; குவியலோ வாணலியின் சூட்டைத் தணித்தது. கிடைத்தது வதக்கலன்று, குளம்போல் தேங்கிய நீரில் மிதந்த முட்டைக்கோஸ். ஆகவே ஒரு முறைக்கு இருவருக்கு மேல் சமைக்க வேண்டா.

இருவருக்கு, உரித்த இறால் 120 கிராம், வளையங்களாக நறுக்கிய கணவாய் 80 கிராம், முட்டைக்கோஸ் 150 கிராம், முளைகட்டிய பயறு 100 கிராம், ஒரு சிறு கேரட், பாதி வெங்காயம், விரல்நுனி அளவு இஞ்சி போதும். ஜப்பானியர் பயன்படுத்தும் முளைகளில் பச்சைப்பயற்று முளையும் உளுந்து முளையும் உண்டு என்பதால், நம் வீட்டில் முளைகட்டியதே இதற்குப் பொருந்தும். உறையவைத்த இறால் வாங்குவோர் பொதியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். நீரைத் தக்கவைப்பதற்காகச் சோடியம் கலந்த பாஸ்பேட் உப்புகளைச் சில நிறுவனங்கள் சேர்ப்பதுண்டு.

இறாலின் முதுகைக் கீறி அழுக்கு நரம்பை நீக்கிய பின், ஒரு கரண்டி சோள மாவும் சிறிது நீரும் விட்டுப் பிசைந்து அலசுங்கள். மாவு சாம்பல் நிறமாகி அழுக்கை வாரிக்கொண்டு போகும். துணியால் ஈரத்தை நன்றாக ஒற்றியெடுத்து, மீண்டும் ஒரு தேக்கரண்டி மாவைப் பூசி வையுங்கள். இம்மெல்லிய பூச்சு இறாலின் சாற்றைக் காக்கும். பின்னர் சோயா சாஸையும் பிடித்துக்கொள்ளும். ஒரு கிண்ணத்தில் இரண்டு தேக்கரண்டி சோயா சாஸ், நான்கு மேசைக்கரண்டி நீர், ஒரு தேக்கரண்டி சோள மாவு, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள் ஆகியவற்றைக் கலந்து அடுப்பருகே வைத்துக்கொள்ளுங்கள். தீ மூட்டியபின் எதையும் தேட நேரமிராது.

வாணலி நன்றாகக் காய்ந்ததும் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு இறாலை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். ஒரு நிமிடத்தில் அடிப்பக்கம் சிவக்கும். திருப்பிப் போட்டுக் கணவாயையும் சேருங்கள். இறாலின் தசை கண்ணாடித் தன்மை நீங்கி முழுதும் வெண்மையாகி, பிறைபோல் வளைந்ததும் இரண்டையும் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் சுருண்டால் இறால் நார்போலாகும், கணவாயோ ரப்பராகிவிடும். அதே வாணலியில் இன்னொரு கரண்டி எண்ணெயும் இஞ்சியும் இட்டு, முதலில் கேரட், அடுத்து வெங்காயம், முட்டைக்கோஸ், இறுதியாக முளை என்று பெருந்தீயில் புரட்டுங்கள். முளை சேர்த்தபின் இரண்டு மூன்று நிமிடமாவது ஆவி பறக்க வேக வேண்டும். கடலுணவைத் திரும்பச் சேர்த்து, கிண்ணத்துக் கலவையை ஒருமுறை கலக்கி ஊற்றுங்கள். அது கெட்டியாகி எல்லாவற்றின் மேலும் பளபளப்பாகப் படிந்தவுடன் அடுப்பை அணைத்துவிடலாம். ஜப்பானியர் இறுதியில் துளி எள்ளெண்ணெய் விடுவர். அது வறுத்த எள்ளில் ஆட்டியது; நம் நல்லெண்ணெயின் மணம் வேறு. எனவே சிறிது எள்ளை வறுத்துத் தூவினோம், நன்றாகவே இருந்தது.

இவ்வாறு செய்தால் ஒருவர் பங்கில் சோயா சாஸிலிருந்து சேரும் உப்பு ஒரு கிராமுக்கும் குறைவே. கடலுணவில் இயல்பாக உள்ளது இன்னும் கொஞ்சம் சேரும். தட்டோரத்தில் ஊறுகாயும் அப்பளமும் வந்து அமர்ந்தால் இக்கணக்கு நிற்காது.

எல்லோருக்கும் இவ்வுணவு ஏற்றதன்று. இறால், கணவாய் ஒவ்வாமை உள்ளவர்கள் கோழி இறைச்சியையோ சோயாப் பன்னீரையோ கொள்க. சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமையும் உண்டு. பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கு, நறுக்கிய காய்களை நிறைய நீரில் வேகவைத்து, நீரை வடித்துவிட்டு வதக்க வேண்டும். ‘உப்புக் குறைத்தது’ என்று விற்கும் சில சோயா சாஸ்களிலும், மாற்று உப்புகளிலும் பொட்டாசியம் குளோரைடு இருப்பதால், அவர்கள் மருத்துவரைக் கேளாமல் அவற்றைத் தொடலாகாது. வார்ஃபரின் மாத்திரை உட்கொள்வோர் முட்டைக்கோஸின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ வேண்டா. விழுங்குவதில் இடர் உள்ளவர்களுக்குக் கணவாய் ஆகாது. கடைசியாக ஒன்று: ஜப்பானியக் குறிப்புகளில் வரும் மிரின், சாக்கே இரண்டும் மது கலந்தவை. அவற்றை விட்டுவிட்டே சமைத்தோம், குறையொன்றும் தெரியவில்லை.

புட்டியில் உப்புக்குப் பதிலாகச் சோடியத்தின் அளவே அச்சிடப்பட்டிருக்கும். அதை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 900 மில்லிகிராம் சோடியம் என்றால் 2.25 கிராம் உப்பு. கணக்கில் ஐயம் இருப்பின், அடுத்த முறை வரும்போது உங்கள் வீட்டுப் புட்டியையும் எடுத்து வாருங்கள். ஒன்றாக உட்கார்ந்து படித்து, உங்களுக்கு எத்தனை தேக்கரண்டி என்று குறித்துத் தருகிறோம்.