பொருந்தும், ஆனால் ஓடாது
புதிய பிராசஸர் வாங்கினால் மதர்போர்டையும் மாற்ற வேண்டியிருக்கிறது. காரணம் பாதி இயற்பியல், பாதி வியாபாரம்.

டெல்லி நேரு பிளேஸின் கம்ப்யூட்டர் கடைகளுக்குப் பழகிப்போன காட்சி இது. ஜெராக்ஸ் கடையோ டிடிபி சென்டரோ நடத்தும் ஒருவர் கையில் சிறிய பொட்டலத்துடன் வருவார். உள்ளே, செகண்ட் ஹேண்டில் வாங்கிய இன்டெல் 8ம் தலைமுறை பிராசஸர். அவரிடமுள்ள 7ம் தலைமுறை சிப்பின் அதே அளவு. அடியில் அதே 1151 தொடர்புப் புள்ளிகள். சாக்கெட்டில் கச்சிதமாக உட்காருகிறது. ஆனால் ஸ்விட்சைப் போட்டால் திரையில் எதுவும் வருவதில்லை. 'மதர்போர்டையும் மாற்ற வேண்டும்' என்ற பதிலைக் கேட்டதும் வந்தவர் முகம் மாறுகிறது. சில ஆயிரம் ரூபாயில் முடியும் என்று நினைத்த வேலை, இரு மடங்காகிவிட்டது.

அவர் ஆசைக்காக வந்தவரல்ல. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்பதோ, வெகு சில விதிவிலக்குகள் தவிர, இன்டெலின் 8ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப்பை. இன்டெல் சாக்கெட்டின் பெயரை மாற்றாமலே பழைய போர்டுகளைக் கைவிட்ட தலைமுறையும் அதுவேதான்.

கைவிட்டதற்கு இன்டெல் சொன்ன காரணம், மின்சாரம். 7ம் தலைமுறையின் சாதாரண டெஸ்க்டாப் சிப்களில் அதிகபட்சம் 4 கோர்கள்தான் இருந்தன. 2017ல் வந்த 8ம் தலைமுறையில் அது 6 ஆனது. அதற்கேற்ப, முன்பு எதற்கும் பயன்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த சில புள்ளிகள் மின்சாரம் கொண்டு செல்லும் வேலைக்கு மாற்றப்பட்டன.

இதன் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரின் பவர் சப்ளை 12 வோல்ட் தருகிறது. பிராசஸருக்குத் தேவை சுமார் 1 வோல்ட்தான். அதைக் குறைத்துத் தரும் சுற்று மதர்போர்டில், சாக்கெட்டை ஒட்டி இருக்கிறது. 100 வாட் இழுக்கும் சிப்புக்கு 1 வோல்ட்டில் தர வேண்டியது 100 ஆம்பியர். வீட்டிலுள்ள ஒன்றரை டன் ஏ.சி. இழுப்பது ஏழெட்டு ஆம்பியர்தான். இவ்வளவு மின்னோட்டம் தபால் தலை அளவுள்ள ஓர் இடத்தில் நுழைய வேண்டுமானால், அதற்குப் பல நூறு புள்ளிகள் தேவை.

வேறு காரணங்களும் உண்டு. நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி ஒரு காலத்தில் மதர்போர்டில் தனி சிப்பாக இருந்தது. 2003ல் ஏஎம்டியும் 2008ல் இன்டெலும் தங்கள் டெஸ்க்டாப் வகைகளில் அதைப் பிராசஸருக்குள்ளேயே கொண்டுவந்தன. வேகம் கூடியது. ஆனால் ராமுக்குச் செல்லும் கம்பிகள் நேராகச் சாக்கெட்டில் வந்து சேர்ந்தன. அதன் பிறகு டிடிஆர்3லிருந்து 4க்கும், 4லிருந்து 5க்கும் ராம் மாறும்போது பெரும்பாலும் சாக்கெட்டும் மாறுகிறது. அப்போது போர்டுடன் பழைய ராமையும் தூக்கிப்போட வேண்டியதுதான்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1990களின் நடுவில் 'சாக்கெட் 7' போர்டில் இன்டெலின் பென்டியம், ஏஎம்டியின் கே6, சைரிக்ஸ் என்று எதை வேண்டுமானாலும் பொருத்தலாம். 1997ல் பென்டியம் 2க்காக இன்டெல் 'ஸ்லாட் 1' என்ற தனிப் பாதையில் சென்றது. 1999ல் ஏஎம்டி கொண்டுவந்த 'ஸ்லாட் ஏ'யில் இருந்ததும் அதே இணைப்பான்தான், திருப்பி வைக்கப்பட்டு. மின் இணைப்புகள் வேறு என்பதால் ஒன்றின் சிப் மற்றதில் ஓடாது. அன்று பிரிந்த இரு வீட்டுச் சிப்களும் பிறகு ஒரு போர்டில் சேரவேயில்லை.

வியாபாரம் நுழைவதும் இங்கேதான். பிராசஸருக்குத் துணையாக மதர்போர்டில் இருக்கும் சிப்செட்டை விற்பதும் பிராசஸர் நிறுவனமே. போர்டு மாறினால் சிப்செட்டும் சேர்ந்து விற்கும். 8ம் தலைமுறை சிப்பைப் பழைய போர்டில் ஓட்டவே முடியாதா என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது. பயாஸைத் திருத்தி, சில புள்ளிகளை மறைத்து, ஆர்வலர்கள் சிலர் ஓட்டியே காட்டினார்கள். எல்லா மலிவு போர்டுகளும் அந்தச் சுமையைத் தாங்கும் என்று இதற்கு அர்த்தமல்ல. 'முடியாது' என்பதற்கும் 'அனுமதிப்பதில்லை' என்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பது மட்டும் தெளிவாயிற்று.

ஏஎம்டியின் அனுபவம் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 2016ல் வந்த ஏஎம்4 சாக்கெட்டை அது பல தலைமுறைகளுக்கு வைத்துக்கொண்டது. 2020ல் புதிய ரைசன் 5000 வரிசை பழைய 400 வரிசை போர்டுகளில் ஓடாது என்று அறிவித்தபோது வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். நிறுவனம் பின்வாங்கியது. 2022ல் அதைவிடப் பழைய 300 வரிசை போர்டுகளுக்கும் வழி திறந்தது. ஆனால் பல போர்டுகளில் பயாஸ் சிப்பின் கொள்ளளவு 16 எம்பிதான். புதிய பிராசஸர்களைச் சேர்க்கச் சில பழையவற்றை நீக்க வேண்டியிருந்தது. டிடிஆர்5 வந்ததும் 2022ல் ஏஎம்டியும் புதிய ஏஎம்5 சாக்கெட்டுக்கு மாறியது.

வாங்குபவர் செய்யக்கூடியது, சாக்கெட்டின் பெயரை மட்டும் நம்பாமல் இருப்பது. போர்டு தயாரிப்பாளர் வெளியிடும் பட்டியலில் தான் வாங்கப்போகும் பிராசஸரின் பெயர் இருக்கிறதா, அதற்கு எந்த பயாஸ் பதிப்பு தேவை என்று முதலில் பார்த்துவிட வேண்டும். பயாஸை மாற்ற வேண்டுமானால், பழைய சிப்பைக் கழற்றும் முன்பே மாற்றிவிடுவது நல்லது.

கழற்றப்படும் போர்டுக்கும் ஒரு கதை உண்டு. மின்னணுக் கழிவை முறைப்படி மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மீது வைக்கும் புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஆனாலும் டெல்லியின் சீலம்பூர் போன்ற இடங்களில் பழைய போர்டுகளை வெறுங்கையால் உடைத்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். தங்கத்தையும் செம்பையும் பிரிக்க அமிலம் பயன்படுத்தும் தொழில் இது. நேரு பிளேஸில் பொருந்தியும் ஓடாத சிப்புக்காகக் கழற்றப்படும் போர்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த போர்டுதான். அதற்கான விலையைக் கடைக்கு வந்தவர் மட்டும் கொடுப்பதில்லை.