உங்களுக்குத் தெரியுமா? கூண்டுக் கிளிக்கும் சட்டம் உண்டு

வீட்டு விலங்குகளை வதைப்போரைத் தண்டிக்க இலங்கையில் இருக்கும் முதன்மைச் சட்டம் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க விலங்கு வதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம். அடிப்பது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது, பட்டினி போடுவது எல்லாம் குற்றம். நாய், மாட்டோடு அது நிற்பதில்லை. கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில் தொங்கும் கூண்டுக் கிளியும், வெள்ளவத்தை மாடிவீட்டுக் கண்ணாடித் தொட்டி மீனும் அதற்குள் அடக்கம்!

தண்டனைதான் வேடிக்கை. வதைத்தவருக்கு அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதச் சிறை, அல்லது இரண்டும் என்றே அந்தச் சட்டம் எழுதப்பட்டது. 1907இல் அது பெருந்தொகை. இன்று காலி வீதிச் சைவக் கடையில் இரண்டு வடையும் பால் தேத்தண்ணியும் வாங்கக் காணாது.

இந்தப் பழைய சட்டத்துக்கு மாற்றாக விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றைச் சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்தது. அமைச்சரவையின் அனுமதி கிடைக்கவே 2016 ஆயிற்று. விலங்குகளுக்கு வாக்குரிமை இருந்திருந்தால் இத்தனை இழுபறி இருந்திராது.

அபராதம் சிறிதென்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். வதையைக் கண்டால் படமெடுத்து வைத்துக்கொண்டு அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறையிடுங்கள், அவசரமென்றால் 119.