உங்களுக்குத் தெரியுமா? – நீலத் தலை ஸ்பாக்

தட்டாஞ்சாவடியில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் டிவி ஒரு சொல்தா தாத்தா வீட்டில் இருந்தது. பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களைப் பாண்டியில் சொல்தா என்போம். மரக்கதவு போட்ட டயனோரா, கறுப்பு வெள்ளை. 80-களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷன் ‘ஸ்டார் ட்ரெக்’ போடும். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் அவர் வீட்டுத் தரையில் நெருக்கியடித்து உட்காருவோம். போன கோடையில் லீவுக்கு வந்த அண்ணன் மகனோடு அதே தொடரை முதலிலிருந்து பார்த்தேன். அப்போது சேர்ந்தவை இவை.

● அமெரிக்காவில் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடங்கியது 1966 செப்டம்பர் 8. முடிந்தது 1969 ஜூன் 3. மொத்தம் 79 பகுதிகள்தான். நாங்கள் ‘புதுசு’ என்று ஓடிப்போய்ப் பார்த்தபோது அதற்கு வயது ஏறக்குறைய இருபது!

● தொடரில் வரும் விண்கப்பலில் எல்லாரும் ஒரே மாதிரி சாம்பல் நிறச் சட்டை போட்டிருப்பார்கள் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இல்லை. கப்பலை நடத்துகிறவர்களுக்குப் பொன்மஞ்சள், அறிவியலுக்கும் மருத்துவத்துக்கும் நீலம், பொறியியலுக்கும் பாதுகாப்புக்கும் சிவப்பு. புதுக் கிரகத்தில் இறங்கியதும் முதலில் உயிரைவிடுகிறவர் பெரும்பாலும் சிவப்புச் சட்டைக்காரர். வண்ண டிவியில் பார்த்தவர்கள் சட்டையைப் பார்த்தே யார் பிழைப்பார் என்று சொல்லிவிடுவார்களாம். எங்களுக்கு ஒவ்வொரு சாவும் திடுக்கென்றுதான் வந்தது. அது எங்களுக்குக் கிடைத்த பாக்கியம் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

இத்தனை வண்ணத்துக்கு வியாபாரக் காரணமும் உண்டு. தொடரை ஒளிபரப்பிய என்.பி.சி.யின் அன்றைய தாய் நிறுவனம் ஆர்.சி.ஏ.; வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் செய்து விற்ற நிறுவனம் அது. கேப்டன் கிர்க்கின் மஞ்சள் சட்டை உண்மையில் பச்சை கலந்த துணி. விளக்கொளியும் பிலிமும் சேர்ந்து அதை மஞ்சளாக்கின. இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு வந்தது 1982-ல், டெல்லி ஆசியப் போட்டியை ஒட்டி. எங்கள் தெருவுக்கு வண்ணம் வர இன்னும் சில வருஷம் ஆயிற்று.

● கப்பலின் கதவுகள் ஆள் வந்ததும் தாமாக விலகும். பின்னால் மோட்டார் எதுவும் கிடையாது. தட்டிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆட்கள் கையால் இழுத்தார்கள். ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் பிறகு சேர்க்கப்பட்டது.

● ஒளிக்கற்றையில் மறைந்து இன்னொரு இடத்தில் தோன்றும் அந்த வித்தை பிறந்தது காசு இல்லாமையால். ஒவ்வொரு வாரமும் கப்பலைக் கிரகத்தில் இறக்கிக் காட்டப் பணம் போதாது. அதனால் ஆட்களை மட்டும் ‘அனுப்பி’விட்டார்கள். டாக்டர் மெக்காயின் மருத்துவக் கருவிகளில் சில, புதுமாதிரியாக இருக்கட்டுமே என்று வாங்கிய உப்புக் குப்பிகள்.

● “அத்தை, உங்களுக்கு அப்ப இங்கிலீஷ் புரிஞ்சுதா?” என்று அண்ணன் மகன் கேட்டான். ஒருவருக்கும் புரியாது. தாத்தாவுக்கும் பிரெஞ்சு தெரிந்த அளவுக்கு ஆங்கிலம் தெரியாது. முகத்தை வைத்து நாங்களே கதை கட்டுவோம். கான் என்றொரு வில்லன் வரும் பகுதி (1967 பிப்ரவரி 16-ல் முதலில் வந்தது) எனக்குக் கூட்டம் கூட்டமாகத் தூங்கியவர்கள் எழுந்துவரும் கதையாக மட்டும் மனசில் இருந்தது. இப்போது வசனத்தோடு பார்த்தால், கான் நூனியன் சிங் வட இந்தியாவைச் சேர்ந்தவர், அநேகமாகச் சீக்கியர் என்கிறார்கள்! 1992 முதல் 1996 வரை உலகத்தில் கால்பங்குக்கும் மேல் ஆண்ட சர்வாதிகாரி அவர். அந்த வருஷங்கள் எங்கள் தலைக்கு மேல் சத்தமில்லாமல் போய்விட்டன. சைக்கிளில் டியூஷன் போய்க்கொண்டிருந்தேன். நடித்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொண்டல்பான். உண்மையான இந்தியர் ஒருவர் ‘ஸ்டார் ட்ரெக்’குக்குள் வந்தது 1979 திரைப்படத்தில். 1965-ன் மிஸ் இந்தியா பெர்சிஸ் கம்பாட்டா, அந்த வேடத்துக்காகத் தலையை முழுக்க மழித்துக்கொண்டார்.

● மறுபடி பார்த்தபோது என் கண் அதிகம் தேடியது உஹுராவை. தகவல் தொடர்பு அதிகாரி, கறுப்பினப் பெண். நடித்தவர் நிஷெல் நிக்கல்ஸ். முதல் வருஷம் முடிந்ததும் நாடக மேடைக்குத் திரும்பிவிட நினைத்திருக்கிறார். ஒரு நிகழ்ச்சியில் சந்தித்த மார்ட்டின் லூதர் கிங், போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர் இருந்தார். 1977-ல் நாசா அவரையே அழைத்து, விண்வெளி வீரர் பணிக்குப் பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்ணப்பிக்கச் சொல்லும் வேலையைக் கொடுத்தது. உஹுராவைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992 செப்டம்பரில் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் ஆனார். அடுத்த வருஷம் ‘ஸ்டார் ட்ரெக்’கின் அடுத்த தொடரில் ஒரு பகுதியில் தலையும் காட்டினார். எட்டு வயதில் நான் அந்தப் பெண்ணைக் காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் டெலிபோன் ஆபரேட்டர் என்று நினைத்தேன். நிக்கல்ஸ் 2022-ல் காலமானார். அவருக்காகவே இந்தத் தொடரை இரண்டாம் தடவை பார்க்கலாம்.

● 1966-ன் தொடர் இன்று இவ்வளவு துலக்கமாக இருக்க, 1987-ல் வந்த அடுத்த தொடர் வெகுகாலம் மங்கலாக இருந்தது ஏன்? முதலாவதைப் பிலிமில் எடுத்துப் பிலிமிலேயே வெட்டி ஒட்டினார்கள். இரண்டாவதைப் பிலிமில் எடுத்தாலும் தொகுத்தது வீடியோ டேப்பில். அதைச் சீராக்க, 178 பகுதிகளின் மூல நெகட்டிவையும் தேடியெடுத்து முதலிலிருந்து மறுபடி தொகுக்க வேண்டியிருந்தது. பிபிசியின் ‘டாக்டர் ஹூ’வுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 60-களின் பல பகுதிகளை டேப்பை மறுபடி பயன்படுத்துவதற்காக அழித்துவிட்டார்கள். 2013-ல் ஒன்பது பகுதிகள் நைஜீரியாவில் கிடைத்தன. பாதுகாத்தால்தான் மறுபடி பார்க்க முடியும். தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2024 நவம்பரில் வேவ்ஸ் தளம் தொடங்கிப் பழைய தொடர்கள் சிலவற்றை அதில் போட்டபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

● தமிழிலும் இப்படி ஓர் அறிவியல் கதை உண்டு. சுஜாதா 80-களில் ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’ பிறகு தூர்தர்ஷன் தொடராகவும் வந்தது. கதை நடக்கும் வருஷம் 2021! நாட்டை ஆளும் ஜீவா, கணவனைத் தேடும் நிலா, புத்தகம் படிக்கும் இயந்திர நாய் ஜீனோ. பெயர்களெல்லாம் இரண்டெழுத்தில் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? 2021 உண்மையிலேயே வந்தபோது, முகக்கவசத்தோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களில் நாவலை எடுத்துப் படித்தேன். ஜீனோ அன்றைக்குப் போலவே பிடித்தது. சுஜாதா பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. தட்டாஞ்சாவடி தொகுதியில் ஓட்டுப்போடும் ஒவ்வொரு தடவையும், பொத்தானை அழுத்தியதும் வரும் அந்த நீளமான ‘பீப்’ எனக்கு ஜீனோவை ஞாபகப்படுத்தும்.

● முடிவு தெரிந்த கதையில் என்ன ருசி என்பவர்களுக்கு: கலிஃபோர்னியா பல்கலைக்கழக சான் டியாகோ வளாகத்தில் 2011-ல் வந்த ஓர் ஆய்வில், முடிவை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்த சிறுகதைகளை வாசகர்கள் அதிகம் ரசித்தார்கள்.

● பழைய தொடரை இன்றைய அகலத் திரையில் இழுத்துப் பிடித்துப் பார்க்காதீர்கள். அது 4-க்கு 3 அளவில் எடுத்தது. இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும். முகங்கள் முகமாக இருக்கும்.

● கறுப்பு வெள்ளை டிவியைக் கலர் டிவி ஆக்க 80-களில் ஒரு வழி இருந்தது. மேலே நீலம், நடுவில் சிவப்பு, கீழே பச்சை என்று மூன்று பட்டை போட்ட பிளாஸ்டிக் தாள் கடையில் கிடைக்கும், திரைமேல் மாட்டிவிடலாம். வானமும் மரமும் மனிதரும் உள்ள காட்சிக்கு ஓரளவு பொருந்தும். சொல்தா தாத்தா ஒரு தீபாவளிக்கு வாங்கி மாட்டினார். அதன்பிறகு கப்பலின் அறிவியல் அதிகாரியான எங்கள் ஸ்பாக்குக்கு நீலத் தலை, சிவப்புக் கழுத்து, பச்சைக் கால்சட்டை. வேற்றுக்கிரகத்துக்காரர், இப்படித்தான் இருப்பார் என்று நம்பினோம். அவருக்கு ரத்தமே பச்சை என்பது போன கோடையில்தான் தெரிந்தது.

இதைச் சொன்னதும் அண்ணன் மகன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஸ்டேஷனரி கடையில் மூன்று கலர் ஜெலட்டின் பேப்பர் வாங்கி வந்தான். டிவியில் ஒட்டினோம். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, சத்தத்தையும் அணைத்துவிட்டு, கான் வரும் பகுதியைப் போட்டான். ஸ்பாக் தன் கருவிக்குள் பார்க்கக் குனிந்தார். நீலத் தலை மெல்லச் சிவப்புக்குள் இறங்கியது.